சீட்டே பேசட்டும்

எங்கள் ஊரில் மைட்டே இரியார்ட்டேயிடம் திட்டு வாங்காத ஆளைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். நானே குறைந்தது இருநூறு தடவை வாங்கியிருப்பேன். முறை வருவதற்கு முன்னால் சிப்பை நகர்த்தியதற்கு ஒரு தடவை. சீட்டை மேசைக்குக் கீழே தொடையில் வைத்துப் பார்த்ததற்கு ஒரு தடவை. ஆட்டத்தை விட்டு விலகிய பிறகு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் "எங்கிட்ட ஒரு ராணி இருந்துது" என்று உளறியதற்குப் பல தடவை. தங்கச் சுரங்கத்தில் நாற்பது வருஷம் லாரி ஓட்டியவன் நான். எத்தனையோ மேலாளர்கள் கத்தியிருக்கிறார்கள், ஒன்றும் உறைத்ததில்லை. மைட்டே குரலை உயர்த்தாமல் "ஃபெர்மின்" என்று ஒரு தடவை சொன்னால் போதும், என் காது சிவந்துவிடும்.

ரேயின் பாரில் பின்பக்கமாக ஒரே ஒரு போக்கர் மேசை. செவ்வாயும் வியாழனும் மதியம் இரண்டு மணிக்கு அதில் ஆட்டம். மைட்டே அங்கே டீலர். டீலர் ஆடுவதில்லை, சீட்டைக் கலைத்துப் போட வேண்டும், யாருடைய முறை என்று பார்க்க வேண்டும், கடைசியில் விரித்த சீட்டுகளைப் படித்து யார் ஜெயித்தார் என்று சொல்லி நடுவில் சேர்ந்த பந்தயச் சிப்புகளை அவர் பக்கம் தள்ள வேண்டும். இருபத்தாறு வருஷமாக அந்த நாற்காலியில் அவளைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை. நெவாடாவில் பெரிய ஊர்களில் கண்ணாடி மாளிகைக்குள் ஐம்பது மேசை போட்டிருப்பார்கள். எங்களுக்கு அந்த ஒன்று போதும். அவளுக்கும் அது போதும்.

ஆடு மேய்க்க பாஸ்க் நாட்டிலிருந்து வந்தவர்கள் தங்கும் விடுதி ஒன்று ரயில் நிலையத்துக்கு எதிரில் இருந்தது. மைட்டே அங்கேதான் பிறந்தாள். அம்மா சமையல்காரி. அப்பா பாஸ்குவால் வருஷத்தில் எட்டு மாதம் மலையில், ஆடுகளோடு. ஒன்பது வயதிலேயே நீள மேசைகளுக்கு ஆட்டுக்கறிக் குழம்பும் அவித்த அவரை விதையும் சுமந்து கொடுத்தவள் அவள். பிறகு பள்ளிச் சமையலறை வேலை. நடுவில் ஒரு கல்யாணம். ரயில்வேக்காரன் ஒருவன் அவளைக் கட்டிக்கொண்டான், ஒரு பெண் பிறந்தாள், ரீனோவுக்கு வேலையாகப் போகிறேன் என்று போனான். போனவன் போனவன்தான். அதைப் பற்றி அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. "அவன் முறை வர்றதுக்கு முன்னாடியே எழுந்து போயிட்டான்" என்று மட்டும் சொல்வாள்.

அப்பாவைப் பற்றி ஒரு கதை உண்டு, அதை எங்கள் எல்லோருக்கும் ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறாள். ஓர் இலையுதிர்காலத்தில் மலையிலிருந்து இறங்கிய பாஸ்குவால், குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு, ஏதோ ஒரு பாரில் போக்கர் மேசையில் உட்கார்ந்தார். ஆங்கிலம் அரைகுறை. ஜெயித்த சீட்டு அவருடையது. டீலர் தப்பாகப் படித்து இன்னொருவனுக்குத் தள்ளிவிட்டான். மேசையைச் சுற்றி ஒன்பது பேர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஒருத்தரும் பேசவில்லை. எதிர்த்துக் கேட்க இவருக்கு வார்த்தை வரவில்லை. அன்று சாப்பாட்டு மேசையில் அவர் கோபப்படக்கூட இல்லையாம். ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "அவங்க எல்லாருக்கும் கண்ணு நல்லாத்தான் இருந்துது" என்று மட்டும் சொன்னாராம்.

அதனால்தான் மைட்டேயின் மேசையில் இரண்டு சட்டங்களுக்கு மட்டும் விலக்கே கிடையாது. ஒன்று, ஆட்டம் நடக்கும்போது அடுத்தவன் கையில் இருக்கும் சீட்டைப் பற்றி மூச்சு விடக்கூடாது. ஒரு கைக்கு ஓர் ஆள்தான். இரண்டு, கடைசியில் சீட்டை விரித்த பிறகு டீலர் தப்பாகத் தள்ளினால், பார்த்தவன் எவனாக இருந்தாலும் வாயைத் திறந்தே ஆக வேண்டும். எப்போது வாயை மூட வேண்டும், எப்போது திறக்க வேண்டும், இவ்வளவுதான் போக்கர் மரியாதை என்பாள். மற்றதெல்லாம் சிப்பை அடுக்கி வைப்பது, டீலர் மேல் சீட்டை வீசாமல் இருப்பது மாதிரி, அம்மா வீட்டிலேயே கற்றிருக்க வேண்டியவை.

சீட்டை விரிக்கும்போது "எனக்கு ரெண்டு ஜோடி" என்று யாராவது வாயால் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. "நீ பேசாதே. ரெண்டையும் திருப்பி வை. சீட்டே பேசட்டும்" என்பாள். சொல்வதில் பொய் இருக்கலாம், மறதி இருக்கலாம். திருப்பி வைத்த சீட்டில் அது ரெண்டும் கிடையாது.

போன மார்ச்சில் அதைச் சொல்வதை அவள் நிறுத்தினாள்.

முதலில் எனக்கு உறைக்கவில்லை. நான் வழக்கம்போல மறந்துபோய் "மூணு பத்து" என்று சொல்லிவிட்டேன். திட்டுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கோழி தானியத்தைப் பார்ப்பதுபோல் ஒற்றைக் கண்ணின் ஓரத்தால் சீட்டைப் பார்த்துவிட்டு, "மூணு பத்து" என்று நான் சொன்னதையே திருப்பிச் சொன்னாள். என் அண்ணனும் கடைசி வருஷங்களில் அப்படித்தான் பார்த்தான். நடுவில் புகை படிந்துவிடும், ஓரம் மட்டும் தெரியும். அதற்கு மருந்து ஒன்றும் பெரிதாகக் கிடையாது.

அடுத்த வாரம் வண்டி நிறுத்துமிடத்தில் டெல்பெர்ட்டிடம் சொன்னேன். டெல்பெர்ட் மாட்டுப்பண்ணைக்காரன். ஊரிலேயே நீளமான நாக்கு அவனுக்குத்தான். அன்றைக்கு அவனும் குரலைத் தாழ்த்தித்தான் பேசினான்.

"எனக்கும் தெரியும். போன மாசமே எட்டை ஆறுன்னு படிச்சா. நாந்தான் இருமி சமாளிச்சேன்."

"ரேக்குத் தெரியுமா?"

"யாரோ வெளியூர்க்காரன் புகார் சொல்லியிருக்கான். இன்னொரு புகார் வந்தா வேற டீலரை வைக்கப்போறேன்னு ரே கார்லீன்கிட்ட சொன்னானாம்."

கார்லீன் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவள். அவள் காதில் விழாத விஷயம் எங்கள் ஊரில் நடக்காது. நாங்கள் மூவரும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தோம். ஏற்பாடு என்று உட்கார்ந்து பேசியதுகூட இல்லை. யார் சீட்டை விரித்தாலும் சத்தமாகச் சொல்லிவிடுவது. மற்றவர்களும் புரிந்துகொண்டு சொல்ல ஆரம்பித்தார்கள். எங்களில் பாதிப் பேர் வீட்டில் மூஸ் ஆடி வளர்ந்தவர்கள்; அந்தப் பாஸ்க் ஆட்டத்தில் கூட்டாளிக்குக் கண்ணடித்து, உதட்டைக் கடித்துச் சைகை காட்டுவது சட்டப்படியே உண்டு. அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்து விட்டோம். அவளுக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தோம். இந்த நாற்காலி போனால் அவளுக்கு என்ன மிச்சம்? மகள் ஐடஹோவில். வீட்டில் ஒரு பூனை, அதற்கும் அவளைப் பிடிக்காது.

வசந்தம் முழுக்க இப்படி ஓடியது. ஜூன் மாதம் ரொவீனா வந்தாள்.

ஐம்பது வயதைத் தாண்டிய செவிலி. இறந்துபோன அக்காவின் வீட்டை விற்க வந்தவள், வீடு விலைபோகும் வரை இங்கே மாட்டிக்கொண்டாள். போக்கர் ஆடியதே இல்லை. அந்த வியாழக்கிழமை மதியம் கையில் எலுமிச்சைச் சாறோடு வந்து தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள். மைட்டே அவளிடம் எங்களிடம் காட்டாத பொறுமையைக் காட்டினாள்.

"பயப்படாதீங்க. உங்களுக்கு ரெண்டு சீட்டு, நடுவுல எல்லாருக்கும் பொதுவா அஞ்சு சீட்டு. ஏழுல நல்ல அஞ்சு எதுவோ அதான் உங்க கை. உங்க முறை வந்தா ஆடுங்க, வரலைன்னா எலுமிச்சைச் சாறு குடிங்க."

"தப்பா ஏதாவது செஞ்சிட்டா?"

"இங்க தப்பு செய்றவங்க யாருன்னு நீங்களே பாத்துக்குவீங்க. கடைசியில ரெண்டு சீட்டையும் திருப்பி வைங்க. ஒண்ணும் சொல்ல வேணாம். படிக்கிறது என் வேலை."

"அம்மா தாயே, எனக்கு மட்டும் ஒரு நாளாவது இவ்வளவு இதமாப் பேசியிருக்கியா?" என்றான் டெல்பெர்ட்.

"உன் மாடுகிட்ட போய்க் கேளு. அதுங்களுக்குத்தான் நீ பேசறது புரியும்."

ரொவீனா சிரித்தாள். மேசையே சிரித்தது. எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஏதோ இடறியது. எங்கள் ஏற்பாடு ரொவீனாவுக்குத் தெரியாதே.

ஒரு மணி நேரம் கழித்து அது நடந்தது. எல்லோரும் விலகிவிட்டார்கள், நானும் ரொவீனாவும் மட்டும் மிச்சம். நடுவில் ராஜா, ஏழு, ஆறு, ஐந்து, நான்கு. என் கையில் ராஜாவும் ஏழும். ராஜா ஜோடி, ஏழு ஜோடி, இரண்டு ஜோடி. "ரெண்டு ஜோடி, ராஜாவும் ஏழும்" என்று சத்தமாகச் சொல்லி விரித்தேன். ரொவீனா, சொன்னபடி, வாயைத் திறக்காமல் இரண்டு சீட்டையும் திருப்பி வைத்தாள். ஒரு ராஜா, ஓர் எட்டு. ராஜா ஜோடியை நம்பித்தான் அவள் கடைசி வரை வந்திருந்தாள். நடுவில் இருந்த நான்கு, ஐந்து, ஆறு, ஏழோடு அந்த எட்டைச் சேர்த்தால் ஐந்தும் வரிசை. என் இரண்டு ஜோடியெல்லாம் அதன் முன் ஒன்றுமே இல்லை. அவளுக்கே அது தெரியவில்லை.

மைட்டே தலையைச் சாய்த்தாள். "ராஜாவும் ஆறும், ரெண்டு ஜோடி. ஃபெர்மினுக்கு ராஜாவும் ஏழும். ஃபெர்மின் ஜெயிச்சான்."

"ஆறா?" என்றாள் ரொவீனா, மெதுவாக. பிறகு அவளே, நமக்கு என்ன தெரியும் என்பதுபோல் தலையாட்டிக்கொண்டாள். நடுவில் இருந்த சிப்புகளை மைட்டே என் பக்கம் தள்ளினாள்.

நான் பேசியிருக்க வேண்டும். அதை இன்றைக்கும் நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது. கார்லீன் தன் சிப்புகளை அடுக்க ஆரம்பித்தாள். டெல்பெர்ட் கூரையில் சுற்றும் விசிறியைப் பார்த்தான். முன்பக்கம் ரே கோப்பைகளைத் துடைத்துக்கொண்டு, எங்கள் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றிருந்தான். வாயைத் திறந்தால் மைட்டேயின் நாற்காலி போய்விடும். திறக்காவிட்டால் ஒரு நல்ல பெண் தனக்குச் சேர வேண்டியதை இழந்துவிட்டு, அதுகூடத் தெரியாமல் வீட்டுக்குப் போவாள். என் இரண்டு கையும் அந்தச் சிப்புகள் மேல் இருந்தன.

மைட்டே சீட்டுகளை அள்ளவில்லை. அள்ளிக் கலைத்துவிட்டால் அந்த ஆட்டம் முடிந்தது, பிறகு யாரும் திரும்பக் கேட்க முடியாது. அவள் கை மேசை மேலேயே நின்றது.

"டெல்பெர்ட்" என்றாள்.

"என்ன?"

"புதுசா வந்தவங்ககிட்ட ஃபெர்மின் ஒரு கை ஜெயிச்சிருக்கான். நீ ஒரு வார்த்தை அவனைக் கிண்டல் பண்ணலை."

"தொண்டை சரியில்ல."

"இருபத்தாறு வருஷத்துல உன் தொண்டை ஒரு நாளும் கெட்டதில்ல." என் பக்கம் திரும்பினாள். "ஃபெர்மின். நான் சரியா படிச்சேனா?"

"சரிதான்" என்றேன்.

அவள் ரொவீனாவின் சீட்டை எடுத்தாள். எல்லோரும் பார்க்க, மூக்குக்கு நேராகக் கொண்டுபோய், கழுத்தை முறுக்கி, ஓரக்கண்ணுக்குக் காட்டி, சின்னப் பிள்ளை எழுத்துக்கூட்டுவதுபோல் விரலால் அதன் சின்னங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். வெகுநேரம் ஆனது. மூன்று மாதமாக எங்களிடம் ஒளித்து வைத்திருந்ததை அவள் அங்கே, அந்த வெளிச்சத்தில், திருப்பி வைத்துவிட்டாள்.

"எட்டு" என்றாள். "வரிசை. ரொவீனா ஜெயிச்சாங்க."

என் கைக்குக் கீழிருந்த சிப்புகளை இரண்டு கையாலும் இழுத்து ரொவீனாவிடம் தள்ளினாள். பிறகு எங்களைப் பார்த்தாள். நடுவில் புகையாகத் தெரியும் எங்கள் முகங்களில் எதைப் பார்த்தாளோ தெரியாது.

"எனக்குக் கண்ணு போச்சு. உங்களுக்கெல்லாம் என்ன போச்சு?"

டீலர் மேசையை விட்டு எழும்போது ஒரு வழக்கம் உண்டு. கைகளை ஒரு தடவை தட்டி, உள்ளங்கையையும் புறங்கையையும் மேசைக்குக் காட்ட வேண்டும். எதையும் ஒளித்து எடுத்துப் போகவில்லை என்று அர்த்தம். மைட்டே கையைத் தட்டினாள். திருப்பிக் காட்டினாள். எழுந்து நேராக ரேயிடம் போய், "வேற ஆளைப் பாரு, என்னால படிக்க முடியல" என்று அவளே சொல்லிவிட்டு, வெயிலில் நடந்து வீட்டுக்குப் போனாள்.

இரண்டு வாரம் அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. மூன்றாவது வாரம் ரே என்னை உட்காரச் சொன்னான். நான் முதலில் போனது மைட்டேயின் வீட்டுக்கு. கையில் இரண்டு கட்டுச் சீட்டு, எண்கள் கட்டைவிரல் அளவுக்குப் பெரிதாக அச்சடித்தவை. சமையலறையில் அவள் தொத்திறைச்சி வறுத்துக்கொண்டிருந்தாள். சீட்டுக்கட்டை வாங்கி ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"முதியோர் விடுதிச் சீட்டு" என்றாள்.

"உன் வயசுக்கு அதுதான்."

"நீ என்னைவிட ஏழு வயசுதான் சின்னவன்." அடுப்பை அணைத்தாள். "நான் வந்து எங்க உட்கார்றது?"

"ஆடறவங்க வரிசையில. நான் சீட்டுப் போடறேன்."

"நீயா?" வாணலியை இறக்கி வைத்தாள். பிறகு சொன்னாள்: "எங்கிட்ட ஒருதடவை பொய் சொன்னவன் நீ."

"ஆமா" என்றேன். "உனக்கு நல்லதுன்னு நெனச்சேன். தப்பு. மன்னிச்சிரு."

"எங்கப்பாவுக்குத் தெரியாதவங்க துரோகம் பண்ணாங்க. அது பரவாயில்ல" என்றாள். ஒரு தட்டில் தொத்திறைச்சியும் ரொட்டியும் வைத்து என் முன்னால் நகர்த்தினாள். நான் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை வந்தாள். ஆடுகிறவளாக அவளை நான் பார்த்ததே இல்லை. சிப்புகளைச் சுத்தமாக அடுக்கினாள். இரண்டு சீட்டையும் முகத்தருகே கொண்டுபோய், கைக்குள் மறைத்து, நேரம் எடுத்துப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்த ரொவீனா படித்துச் சொல்லட்டுமா என்று கேட்டாள். "ஒரு கைக்கு ஓர் ஆள்" என்று பதில் வந்தது. மூன்றாவது சுற்றில் மைட்டே ரொம்ப நேரம் யோசித்தபோது, டெல்பெர்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு, "டீலர், நேரம் கேக்கறேன்" என்றான். யாராவது அளவுக்கு மீறி இழுத்தடித்தால் அப்படிக் கேட்கலாம், அது எல்லோருக்கும் பொதுவான சட்டம். நான் கையில் இருந்த கட்டைக் கீழே வைத்தேன். மைட்டே நிமிர்ந்து அவன் இருந்த திசையைப் பார்த்தாள். அவள் முகம் ஒரு நொடியில் இளகிவிட்டது. "கேளு, கேளு. உன் உரிமை" என்றாள்.

நாலரை மணி வாக்கில், நடுவில் பெரிய குவியல். மிச்சம் இருந்தது அவளும் ரொவீனாவும். ரொவீனா இரண்டு ராணிகளைத் திருப்பி வைத்தாள், நடுவில் இருந்த ஒன்றோடு மூன்று ராணி. மைட்டே தன் இரண்டு சீட்டையும் திருப்பினாள், இரண்டும் சிவப்பு. நடுவில் மூன்று ஆட்டின். ஐந்தும் ஒரே இனமாக வந்தால் மூன்று ராணியும் அடிபடும்; ஐந்தும் ஆட்டின் என்று அவள் நினைத்திருக்கிறாள் என்பது அவள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. கை அதற்குள் குவியலை வாங்கத் தயாராக மேசைக்கு வந்துவிட்டது. இரண்டில் ஒன்று, அந்த ஒன்பது, டைமன்.

மேசை அமைதியானது. அந்த அமைதியை எனக்குத் தெரியும். கார்லீன் சிப்பைத் தொட்டாள், பிறகு கையை எடுத்துக்கொண்டாள். ரொவீனா என்னையே பார்த்தாள். அவளுக்கு இப்போது எல்லாம் படிக்கத் தெரியும்.

"மைட்டே, அந்த ஒன்பது ஆட்டின் இல்ல, டைமன்" என்றேன், முன்பக்கம் ரேக்குக் கேட்கும்படி. "ஒரு ஜோடிகூட இல்ல. ரொவீனாவுக்கு மூணு ராணி. ரொவீனா ஜெயிச்சாங்க."

குவியலை ரொவீனா பக்கம் தள்ளினேன். மைட்டேயின் கை மேசையில் அப்படியே நின்றது. அவள் எதற்கோ காது கொடுப்பதுபோல் இருந்தது.

"தாயே, கண்ணு தெரியலைன்னா ஆட்டினையும் டைமனையும் விட்டுட்டுப் போய் என் மாட்டை எண்ணேன்" என்றான் டெல்பெர்ட். "அதுங்க எல்லாம் ஒரே கறுப்பு."

மைட்டே தோள் குலுங்கச் சிரித்தாள். தன் இரண்டு சீட்டையும் ஒழுங்காக என் பக்கம் நகர்த்தினாள்.

"டெல்பெர்ட் வாயைத் தொறந்துட்டான்" என்றாள் என்னிடம். "அப்ப நீ சரியாத்தான் படிச்சிருக்கே. அடுத்ததைப் போடு."